அவர் பெயர் வில்லியம் ஹென்றி ஃபோல்க்

(கால்பந்துக் கழகப் பரிசளிப்பு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, காய்ச்சலோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வாங்காத கவுன்சிலர் அண்ணன் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய செயலாளர் அவர்களே, வணக்கம். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பொன்னாடை விழுந்ததும் நானும் முழு ஆளாகிவிட்டேன்.

ஃபோல்க் என்ற ஆங்கிலேய கோல்கீப்பரைப் பற்றிச் சொல்லப்போகிறேன். 1874-இல் பிறந்தவர். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1894-இல் ஷெஃபீல்ட் யுனைடெட் அணிக்கு வந்தார். 1898-இல் இங்கிலாந்து லீக் பட்டம், 1899-இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் எஃப்.ஏ. கோப்பை. ஆறடிக்கு மேல் உயரம்; பிற்காலத்தில் எடை 127 கிலோவைத் தாண்டியது.

1902 ஏப்ரல், லண்டன் கிரிஸ்டல் பேலஸ், கோப்பை இறுதியாட்டம். ஷெஃபீல்ட் ஒரு கோல் முன்னிலை. முடியப்போகிற நேரத்தில் சவுத்தாம்ப்டன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தது. ஆஃப்சைடு, அந்தக் கோல் செல்லாது என்று ஃபோல்க் கத்துகிறார். ரெஃப்ரி டாம் கிர்க்காம் கோல் கொடுத்துவிட்டார். சரி, ஆட்டம் சமனில் முடிந்து உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். ஃபோல்க் எல்லாவற்றையும் கழற்றியாயிற்று. குளிக்கப் போகவேண்டியவர், கோபம் தாளாமல் அப்படியே வராந்தாவுக்கு வந்துவிட்டார். உடம்பில் ஒரு நூல் கிடையாது! "எங்கே அந்த ரெஃப்ரி?" கிர்க்காம் துடைப்பம் வைக்கும் அலமாரிக்குள் புகுந்துகொண்டாராம். ஃபோல்க் அதன் கதவைப் பெயர்க்கப் பார்க்க, கால்பந்துச் சங்கத்தார் ஓடிவந்து கெஞ்சித் திருப்பி அனுப்பினார்கள் என்று சொல்வார்கள். ஆள் பாதி, ஆடை பாதி. அந்த ஆடையில்லாத பாதிக்கே ஒரு ரெஃப்ரி அலமாரிக்குள்! மறு ஆட்டத்துக்கும் கிர்க்காம்தான் ரெஃப்ரி. ஷெஃபீல்ட் 2-1 என வென்றது.

1905-இல் செல்சீ அணிக்குப் போய் அதன் முதல் கேப்டனானார். டெர்பிஷயருக்காக நான்கு கிரிக்கெட் ஆட்டங்கள் ஆடினார், அது இருக்கட்டும். இவ்வளவு செய்தவரை இன்றும் 'குண்டு' ஃபோல்க் என்றுதான் எழுதுகிறார்கள். ஆள் பாதி, ஆடை பாதி என்றால் பட்டப்பெயருக்கு ஏது பங்கு? எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் கேட்கிறேன், என்னைக் கூப்பிடுபவர்களுக்கே அலுத்துவிட்டது.

சற்றுமுன் இதே மைக்கில் நம் கோல்கீப்பர் தம்பியை "நம்ம குண்டு" என்று அழைத்தார்கள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவன் ஷூ லேஸைக் குனிந்து கட்டிக்கொண்டிருந்தான்; அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. செயலாளர் அவர்களே, கேடயம் கொடுக்கும்போது பதிவேட்டில் இருக்கும் பெயரை, தகப்பனார் பெயரோடு சேர்த்து, ஒருமுறை வாசியுங்கள்.