ஒரே பாறை, இரண்டு சட்டங்கள்: டஸ்கலூசா ஷேலில் எண்ணெய் யாருக்குச் சொந்தம்?

[திரையில்: அமெரிக்காவின் லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களின் எல்லைக்கோடு. அதன் இருபுறமும் பரவிய ஒரு நிறப்பட்டை.]

வணக்கம். இந்தப் பட்டைக்குக் கீழே, 10,000 அடிக்கும் அதிகமான ஆழத்தில், டஸ்கலூசா மரைன் ஷேல் என்ற பாறை அடுக்கு இருக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் படிந்த சேறு இறுகி உருவான பாறை இது. இதற்குள் எண்ணெய் இருப்பது புதிய செய்தி அல்ல. இன்னும் ஆழத்தில் உள்ள மணற்பாறையைத் தேடி 1970களில் துளையிட்டவர்கள், இந்த அடுக்கைக் கடக்கும்போதே எண்ணெயின் அறிகுறிகளைக் கண்டார்கள். 1997இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, இங்கே சுமார் 700 கோடி பீப்பாய் எண்ணெய் இருக்கக்கூடும் என்றது. கிடைமட்டமாகத் துளையிட்டு, நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முறை மற்ற ஷேல் பகுதிகளில் வெற்றி பெற்ற பிறகு, நிறுவனங்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியது.

எல்லைக்கோட்டின் இருபுறமும் பாறை ஒன்றுதான். அந்த எண்ணெய் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இரண்டு மாநிலங்களும் தரும் விடைதான் வேறு.

[திரையில்: நிலத்தின் குறுக்குவெட்டு. மேல்பரப்பு ஒரு நிறம், அடிநிலம் வேறு நிறம்.]

உலகின் பெரும்பாலான நாடுகளில் நிலத்தடி எண்ணெய் அரசின் சொத்து. அமெரிக்காவில் தனியாரும் அதற்கு உரிமையாளராக இருக்கலாம். அதோடு, மேல்நிலத்தையும் அடியிலுள்ள கனிமத்தையும் தனித்தனியாகப் பிரித்து விற்கவும் முடியும். ஒருவர் வயலை விற்கும்போது "கனிம உரிமை எனக்கே" என்று பத்திரத்தில் எழுதிக்கொண்டால், வாங்கியவருக்கு மண் மட்டுமே. பிறகு கனிம உரிமையாளரிடம் குத்தகை பெற்ற நிறுவனம் வந்து கேட்டால், வீட்டையும் வயலையும் வைத்திருப்பவரால் அதைத் தடுக்க முடியாது. எண்ணெய் எடுக்க நியாயமாகத் தேவைப்படும் அளவு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை அந்த நிறுவனத்துக்கு உண்டு. நிலம் வாங்கும் பலருக்கு இது தெரிவதே இல்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

இப்படிப் பிரிந்த கனிம உரிமை எவ்வளவு காலம் பிரிந்தே இருக்கும்? இங்கேதான் இரண்டு மாநிலங்களும் வேறுபடுகின்றன.

மிசிசிப்பியில் அது நிலையானது. பாட்டன் பிரித்து வைத்த உரிமை பேரனுக்கும் அவனுடைய பிள்ளைகளுக்கும் போகும். ஒவ்வொரு தலைமுறையிலும் பங்குகள் சிதறுவதால், ஒரே 40 ஏக்கருக்குப் பல ஊர்களில் வாழும் பல வாரிசுகள் உரிமையாளர்களாக இருப்பது சாதாரணம்.

லூசியானாவில் வேறு கதை. 1922இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம், கனிமத்தை நிலத்திலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக என்றென்றைக்கும் வைத்திருக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பிரித்து வைத்தவருக்குக் கிடைப்பது, பிறர் நிலத்தில் எண்ணெய் தேடும் உரிமை மட்டுமே. அதைப் பத்து ஆண்டுகள் பயன்படுத்தாவிட்டால் அது அழிந்து, கனிம உரிமை நில உரிமையாளரிடம் சேர்ந்துவிடும். 2013இல் நிலத்தை விற்றுக் கனிம உரிமையை வைத்துக்கொண்டவர், இடையில் கிணறு எதுவும் தோண்டப்படாமல் இருந்திருந்தால், 2023இல் அதை இழந்திருப்பார். நல்லெண்ணத்தோடு தோண்டிய கிணற்றில் எண்ணெய் வராமல் போனாலும் பரவாயில்லை, தோண்டியதே போதும். பத்தாண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

[திரையில்: பதிவகத்தில் அடுக்கி வைத்த தடித்த பத்திரத் தொகுதிகள்.]

புதிதாகத் தலையெடுக்கும் எண்ணெய்ப் பகுதியில் செய்தித்தாளுக்கு முன்பே வந்து சேர்பவர்கள் லேண்ட்மேன் எனப்படும் முகவர்கள். பதிவகத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் வில்லங்கம் பார்த்து, கனிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு குத்தகைப் பத்திரத்தோடு கதவைத் தட்டுவார்கள். எந்த நிறுவனத்துக்காக வந்திருக்கிறார்கள் என்பதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். பாறையைப் பற்றி ஒரு பக்கம் நிறைய அறிந்திருக்கிறது, மறுபக்கம் ஒன்றுமே அறியாது. அந்த இடைவெளியில்தான் ஆரம்பகால விலை தீர்மானமாகிறது.

வடமேற்கு லூசியானாவின் ஹெய்ன்ஸ்வில் ஷேல் இதற்குச் சரியான சாட்சி. 2008இன் தொடக்கத்தில் அங்கே ஏக்கருக்குச் சில நூறு டாலர்களாக இருந்த போனஸ், அதாவது குத்தகையில் கையெழுத்திடும்போது தரும் தொகை, சில மாதங்களில் 20,000 டாலரைத் தாண்டியது. முந்திக் கையெழுத்திட்டவரும் பிந்திக் கையெழுத்திட்டவரும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். அந்த ஆண்டு ஜூலையில் 13 டாலரை ஒட்டியிருந்த இயற்கை எரிவாயு விலை, அடுத்த வசந்தத்தில் 4 டாலருக்கும் கீழே போனது. போனஸும் கூடவே சரிந்தது.

ஆனால் எல்லோரும் இந்த ஏக்கர் விலையைப் பற்றியே பேசுவதுதான் எனக்குக் கவலை. போனஸ் ஒருமுறை வரும் பணம். குத்தகையில் உள்ள ஷரத்துகளோ பல பத்தாண்டுகள் கூடவே வரும்.

குத்தகையில் முதலில் ஒரு காலவரையறை இருக்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். அதற்குள் கிணறு உற்பத்தி தரத் தொடங்கிவிட்டால், உற்பத்தி நிற்கும்வரை குத்தகையும் நிற்காது. இப்போது இதை யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பம் 500 ஏக்கரை ஒரே பத்திரத்தில் குத்தகைக்கு விடுகிறது. நிறுவனம் அதில் 40 ஏக்கரை மட்டும் பக்கத்து நிலங்களோடு சேர்த்து ஒரு கிணற்று அலகாக்கி, அதாவது ஒரே கிணற்றின் வருமானத்தைப் பங்கிடும் நிலத் தொகுப்பாக்கி, துளையிடுகிறது. அந்த ஒரு கிணறு மீதி 460 ஏக்கரையும் பிடித்து வைக்குமா?

1947இல் லூசியானா நீதிமன்றம், பிடித்து வைக்கும் என்றது. அந்தத் தீர்ப்பைச் சமாளிக்க, குரோலி என்ற ஊரைச் சேர்ந்த லாரன்ஸ் பியூ என்ற வழக்கறிஞர் எழுதியதுதான் இன்று பியூ ஷரத்து எனப்படுவது. அலகுக்குள் அடங்காத நிலம், காலவரையறை முடிந்ததும் குத்தகையிலிருந்து விடுபடும் என்பதே அதன் சாரம். ஆழத்துக்கும் இதே போன்ற ஷரத்து உண்டு: எண்ணெய் எடுக்கும் அடுக்குக்குக் கீழே உள்ளவை உரிமையாளரிடம் திரும்பிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல எண்ணெய் அடுக்குகள் இருக்கக்கூடிய இடத்தில், அடுத்த தலைமுறையின் சொத்தையே காக்கும் வரி இது. அச்சடித்து வரும் பத்திரத்தில் இது பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்க வேண்டும்.

[திரையில்: 40 ÷ 1,280 × 0.20 = 0.00625]

ராயல்டிக் கணக்கையும், அதாவது எண்ணெய் விற்ற பணத்தில் கனிம உரிமையாளருக்கு வரும் பங்கையும், பார்த்துவிடுவோம். 1,280 ஏக்கர் அலகில் உங்களுக்கு 40 ஏக்கர், ராயல்டி ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். உங்கள் பங்கு 0.00625. ஒரு மாதம் 20,000 பீப்பாய், பீப்பாய் 100 டாலருக்கு விற்றால், உங்களுக்கு 12,500 டாலர். ஷேல் கிணறுகளின் உற்பத்தி முதல் ஆண்டிலேயே மிகக் கடுமையாகச் சரியும். அது 6,000 பீப்பாயாகி, விலையும் 50 டாலரானால், கைக்கு வருவது 1,875 டாலர். எரிவாயுவைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும் செலவைக் கழிக்க ஷரத்து இடம் கொடுத்திருந்தால் இன்னும் குறையும். முதல் மாதக் காசோலையை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

டஸ்கலூசாவில் என்ன நடந்தது? பாறையில் களிமண் அதிகம். துளையின் சுவர் அடிக்கடி சரிந்தது. ஆழமும் சேர்ந்துகொண்டதால், ஒரு கிணற்றுக்கே கோடிக்கும் மேல் டாலர் செலவானது. அந்தச் செலவு குறையத் தொடங்கிய நேரத்தில் எண்ணெய் விலை விழுந்தது. 2014 ஜூனில் 100 டாலருக்கு மேல் இருந்த பீப்பாய், 2016இன் தொடக்கத்தில் 30க்கும் கீழே. துளையிடும் எந்திரங்கள் கிளம்பிப் போயின. 2018இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம், தொழில்நுட்ப ரீதியாக எடுக்கக்கூடிய எண்ணெய் சராசரியாக 150 கோடி பீப்பாய் என்று மதிப்பிட்டது. எடுக்க முடியும் என்பதும், எடுத்தால் லாபம் வரும் என்பதும் வெவ்வேறு. மதிப்பீடுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எனவே அந்தப் பக்கம் மறுபடி யாராவது பத்திரத்தோடு வந்தால், அன்றே கையெழுத்திடாதீர்கள். லூசியானா அரசின் சோன்ரிஸ் இணையத்தளத்திலும், மிசிசிப்பியின் எண்ணெய் எரிவாயு வாரியத்திலும், பக்கத்தில் யார் துளையிட அனுமதி கேட்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். கனிமச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுங்கள். முக்கியமாக, அது குத்தகையா, கிரயமா என்று பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரிக் கடிதத்தோடு வரும். மிசிசிப்பியில் கனிமத்தைக் கிரயம் செய்துவிட்டால், கிணறே தோண்டாவிட்டாலும் அது உங்களிடம் தானாகத் திரும்பாது.