முட்டு பிரிக்கும் நாள்: வீட்டு வேலைக்கு ஒரு நாள் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் முடியும்?" என்றுதான். அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் வீடே ஒரு நாள் தள்ளிப்போகும்?" இதைக் கண்டுபிடிக்கும் கணக்குக்குப் பெயர் கிரிட்டிக்கல் பாத். அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் 1957 வாக்கில் உருவாக்கியது. ரசாயன ஆலைகளுக்காகப் போட்ட கணக்கு என்றாலும், ஒரு மாடி வீட்டுக்கு அது கட்டம் போட்ட நோட்டில் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

பேப்பர், பேனா பக்கத்தில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். சுவர் தள மட்டம் வரை எழும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனி சென்ட்ரிங் அடிக்க, அதாவது தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டுக் கம்பங்களும் நிறுத்த 6 நாள், கம்பி கட்ட 4 நாள், தளத்துக்குள் போகும் எலக்ட்ரிக்கல் பைப்புக்கு 1 நாள், கான்கிரீட் போட 1 நாள். ஆகப் பன்னிரண்டாம் நாள் கான்கிரீட். அடுத்து முட்டு நிற்க வேண்டிய நாள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 456, ஆறு மீட்டர் வரை நீளும் பீமுக்கு அடியில் முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்கிறது. அது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கான அளவு. நாம் அதிகம் வாங்கும் பிபிசி (போர்ட்லாண்ட் போசோலானா) சிமெண்ட் மெதுவாக இறுகும் என்பதால், நாளைக் கூட்ட வேண்டுமா என்று பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே 14 என்றே வைப்போம். பிறகு பிரிக்க 2 நாள், சுவரைக் கொத்திப் பைப் பதிக்க 3 நாள், உள்பூச்சு 12 நாள், பூச்சுக்குத் தண்ணீர் அடிக்க 7 நாள், தரை டைல்ஸ் 8 நாள். கூட்டினால் 58 நாள்.

பக்கவாட்டில் இரண்டு வேலைகள் ஓடுகின்றன. இடம் விட்டுக் கட்டிய சுவரில் பொருத்த வேண்டிய ஜன்னல் சட்டத்தை ஆசாரி செய்து தர 25 நாள், பொருத்த 2 நாள். செப்டிக் டேங்க் 10 நாள்.

இதை நோட்டில் வரைவோம். ஒரு கட்டம் ஒரு நாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை கட்டங்களைப் பென்சிலால் நிரப்புங்கள். இதுதான் ஹென்றி கேன்ட் பெயரால் வழங்கும் கேன்ட் வரைபடம். பார்த்ததும் புரியும். ஆனால் எந்தக் கோடு எதைப் பிடித்து நிற்கிறது என்று கோடுகள் மட்டும் சொல்லாது. அதனால் ஒரு வேலை முடியும் முனையிலிருந்து அதற்காகக் காத்திருக்கும் வேலைக்கு அம்புக்குறி போடுங்கள்.

இப்போது பின்னாலிருந்து வாருங்கள். பூச்சு 32-ஆம் நாள் தொடங்க வேண்டுமென்றால், ஜன்னல் சட்டம் 31-ஆம் நாளுக்குள் பொருந்தியிருக்க வேண்டும். ஆசாரி முதல் நாளே தொடங்கினால் 27-ஆம் நாள் முடியும். கையில் 4 நாள் மிச்சம். இந்த மிச்சத்துக்குத்தான் ஃப்ளோட் என்று பெயர். செப்டிக் டேங்க் 58-ஆம் நாளுக்குள் முடிந்தால் போதும் என்பதால் அதற்கு 48 நாள் மிச்சம். சென்ட்ரிங் முதல் டைல்ஸ் வரை உள்ள வரிசைக்கு மிச்சம் பூஜ்யம்; அதுவே கிரிட்டிக்கல் பாத். அந்தக் கோடுகளைச் சிவப்புப் பேனாவால் தீட்டுங்கள்.

அந்த நான்கு நாளை நம்பி ஆசாரிக்கு அட்வான்ஸைத் தாமதமாகக் கொடுப்பதுதான் வழக்கமான தவறு. அவர் 6 நாள் தாமதித்தால் வீடு 2 நாள் தள்ளும்; கிரிட்டிக்கல் பாத்தே ஜன்னல் பக்கம் மாறிவிடும். இன்னொரு பக்கம், கூடுதல் ஆள் வைத்து சென்ட்ரிங், கம்பி வேலைகளில் 5 நாளைச் சுருக்கினாலும் லாபம் 4 நாள்தான். ஐந்தாவது நாள் ஜன்னலுக்காகக் காத்திருப்பதில் போய்விடும். பூச்சுக்கு இன்னொரு ஜோடி கொத்தனார், சித்தாள் வைத்து 12 நாளை 9 ஆக்கினால், அந்த மூன்று நாளும் முழுதாகக் கிடைக்கும். கூடுதல் கூலியைக் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

வரைபடத்தில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது அந்த 14 நாள். யாரும் வேலை செய்யாத நாளுக்கு எதற்குக் கோடு என்று தோன்றும். சிவப்புக் கோடுகளில் நீளமானது அதுதான். கூடுதல் ஆள் வைத்தாலும் அதைச் சுருக்க முடியாது. தளத்தின் மேல் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பார்களே, அது காயாமல் இருந்தால்தான் அந்த நாள்கள் கணக்கில் சேரும். வெயிலில் பாத்தி வெடித்துத் தண்ணீர் வடிந்து, தளம் வெளுத்துக் கிடந்தால், காலண்டரில் நாள் ஓடினாலும் கான்கிரீட்டின் பலம் அந்த வேகத்தில் ஏறாது. அதனால் அந்தக் கோட்டுக்கு நேரே, தண்ணீர் விடப்போகிறவரின் பெயரை எழுதிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விஷயமும் இருக்கிறது. மேலே சொன்ன 58 நாளில் விடுமுறையைச் சேர்க்கவில்லை. ஆள் வேலைக்கு ஞாயிறு விடுமுறை. கான்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது, ஞாயிறும் அதன் கணக்கில் ஒரு நாள்தான். சனிக்கிழமை கான்கிரீட் போட்டால் இரண்டு தொல்லை. பாத்தி கட்டித் தண்ணீர் விட வேண்டிய முதல் நாளே ஞாயிறாகிவிடும். பதினான்கு நாள் முடிந்து பிரிக்க வேண்டிய நாளும் ஞாயிறிலேயே விழுந்து திங்களுக்குப் போகும். வெள்ளிக்கிழமை போட்டால் இரண்டும் சனிக்கிழமை ஆள் இருக்கும்போதே நடக்கும்.

செப்டிக் டேங்குக்கு 48 நாள் மிச்சம் என்றோம். ஆனால் அதைக் கட்டப்போவதும் உள்பூச்சு பூசப்போவதும் ஒரே கொத்தனார் செட் என்றால், காகிதத்தில் இருக்கும் மிச்சம் களத்தில் இருக்காது. கடைசிக்குத் தள்ளினால் பூச்சிலிருந்துதான் ஆளை எடுப்பார்கள். எனவே முட்டு நிற்கும் அந்த 14 நாளுக்குள், 13-ஆம் நாள் தொடங்கி 22-ஆம் நாள் முடியும்படி செப்டிக் டேங்கை வைத்துவிடுங்கள். கொத்தனாருக்கும் வேறு வீட்டு வேலைக்குப் போகத் தேவையிருக்காது.

வரைந்த நோட்டை வேலை நடக்கும் இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமை கூலி கொடுக்கும்போதும் மேஸ்திரியிடம் ஒவ்வொரு வேலைக்கும் இன்னும் எத்தனை நாள் வேண்டும் என்று கேளுங்கள். பாதி முடிந்தது, முக்கால் முடிந்தது என்ற பதிலை எழுத வேண்டாம். மீதி நாளை எண்ணாக வாங்கி எழுதி, சிவப்புக் கோடு இப்போது எந்த வழியாகப் போகிறது என்று மறுபடி கூட்டிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.