காசின் எழுத்தைக் கழுவிவிடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளி விளக்கு கறுத்துப்போனால் விபூதி போட்டுத் தேய்ப்பது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம். தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும், தப்பில்லை. ஆனால் பழங்காசு ஒன்று கைக்கு வந்தவுடன், இதுவும் வெள்ளிதானே என்று அதே கை விபூதிக்கும் புளிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் போகிறதே, அந்தக் கையைப் பிடித்து நிறுத்தத்தான் இன்று பேச வந்தேன்.

கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரர் வெள்ளிக் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரசனின் தலை உருவமும், மாக்கோதை என்றோ குட்டுவன் கோதை என்றோ தமிழ் பிராமியில் பெயரும் இருக்கும். சங்கப் பாடல்களில் கோதை, குட்டுவன் என்று படித்த பெயர்கள் உலோகத்தில் நம் கண்முன் நிற்கின்றன என்றால் அது இந்தச் சின்னஞ்சிறு எழுத்துகளால்தான். அந்த எழுத்தின் மேடு எவ்வளவு இருக்கும்? மயிரிழை அளவு. பல் துலக்கும் பிரஷில் பற்பொடியைத் தொட்டு ஐந்து நிமிடம் தேய்த்தால் போதும், கோதை போய்விடுவார், வெள்ளி மிஞ்சும். முத்திரைக் காசுகளின் கதையும் இதுதான். சுமார் 3.3 கிராம் வெள்ளித் துண்டு, முன்பக்கம் பெரும்பாலும் ஐந்து சின்னங்கள். அவை ஆழமானவை, ஓரளவு தாங்கும். பின்பக்கத்தில் உள்ள குட்டி முத்திரைகள் தாங்காது. போடிநாயக்கனூர்ப் புதையலின் காசுகளைப் பாண்டியர் காசு என்று ஆய்வாளர்கள் சொல்வதே பின்பக்கத்து மீன் சின்னத்தை வைத்துத்தான்.

சரி, காசின் மேல் படிந்திருப்பது என்ன? மெல்லிய கறுப்பு என்றால் அது கந்தகத்தோடு வெள்ளி சேர்ந்து உண்டான வெள்ளி சல்ஃபைடு. அதை விட்டுவிடுங்கள், அது காசுக்குக் கெடுதல் செய்யவில்லை, எழுத்தை எடுப்பாகவும் காட்டுகிறது. சாம்பல் நிறத்திலோ ஊதா கலந்தோ மெழுகு மாதிரித் தடிப்பாக இருந்தால் அது உப்பு மண்ணில் கிடந்ததால் வந்த வெள்ளி குளோரைடு. இங்கேதான் நிறையப் பேர் காசை இழக்கிறார்கள். சில காசுகளில் பழைய மேற்பரப்பே இந்தக் குளோரைடு அடுக்குக்குள்தான் இருக்கும், அதாவது எழுத்து உலோகத்தில் இல்லை, துருவில் இருக்கிறது. பழைய போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பயன்படுத்திய ஹைப்போ இருக்கிறதே, சோடியம் தயோசல்பேட், அது இந்த அடுக்கை அழகாகக் கரைத்துவிடும், எழுத்தையும் சேர்த்து. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரும் இப்படித்தான். விளக்குக்கு அது சரி. தடிப்பான படிவுள்ள காசிலோ, துரு மறுபடி வெள்ளியாக மாறினாலும் பழைய இடத்தில் போய் உட்காராது, பொடியாக நிற்கும், துடைத்தால் வந்துவிடும்.

பச்சை என்றால் செம்பு. செம்புக்குக் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு உவமை சொல்வார்கள் அல்லவா, அந்தக் களிம்பேதான், வெள்ளியோடு கலந்த செம்பு முதலில் அரித்து வெளியே வந்து நிற்கிறது. எலுமிச்சைச் சாறு கரைப்பது இதைத்தான், கறுப்பை அது தொடுவதே இல்லை. ஆனால் காசுக்குள்ளிருக்கும் செம்பையும் அது விடாது. கடைசியில் காசின் முகமெல்லாம் நுண்துளையாகிவிடும், சில நேரம் கரைந்த செம்பு திரும்ப மேலே படிந்து இளஞ்சிவப்பாகவும் ஆகும்.

கொங்கு நாட்டில் கிடைக்கும் தினாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்களின் காலத்தவை, கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. கி.பி. 64 வாக்கில் பின்னால் வந்த பேரரசன் நீரோதான் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். ஆகவே அகஸ்டஸ் காசு ஒன்றில் கனமாகப் பச்சை படிந்திருந்தால் யோசிக்க வேண்டும்: பக்கத்தில் செப்புக் காசு கிடந்திருக்கலாம், அல்லது உள்ளே செம்பு, மேலே வெள்ளித் தகடு என்று அந்தக் காலத்திலேயே செய்த போலியாக இருக்கலாம். அந்தப் போலியும் நமக்குச் சரித்திரம்தான். திராவகத்தில் போட்டால் ஓட்டை வழியே அமிலம் உள்ளே போய்ச் செம்பைத் தின்றுவிடும், மேல்தோல் மட்டும் கையில் வரும்.

அப்புறம் ஒன்று. பழைய வெள்ளி வெளியே திடமாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கக்கூடியதாக மாறியிருக்கும். கலந்திருந்த சிறிதளவு செம்பு, வெள்ளிக்குள் இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் ஓரத்தில் பிரிந்துபோய் அந்த வழியாக அரிப்பு உள்ளே நுழைந்துவிடுகிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்திருக்கும், ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் இரண்டாகப் பிளந்துவிடலாம். வளைந்திருந்தால் நிமிர்த்தவே வேண்டாம்.

என்னதான் செய்யலாம்? முதலில் எடை போடுங்கள், இரண்டு பக்கமும் படம் எடுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஊறப்போட்டுத் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், மண் தானாக இளகும். மிச்சத்தை பூதக்கண்ணாடிக்குக் கீழே மூங்கில் குச்சியாலோ முள்ளாலோ மெதுவாகத் தள்ளுங்கள். எழுத்து படிக்க முடிகிறதா, நிறுத்துங்கள். எழுத்தைப் பச்சை மறைக்கிறது, வேறு வழியில்லை என்றால் மட்டும் செம்புக் களிம்பைக் கரைக்கும் ஈடிடிஏ என்ற ரசாயனத்தின் நீர்த்த கரைசல், அதுவும் அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு நன்றாக அலசி. இதற்கு மேல் ஆய்வுக்கூட வேலை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே ரசாயனப் பாதுகாப்புக்கு ஆள் போட்டார்கள். பரமசிவன் என்ற வேதியியலாளர் செப்புத் திருமேனிகளை மின்னாற்பகுப்பு முறையில் காப்பாற்றினார். அவ்வளவு பழைய மரபு நம் ஊரிலேயே இருக்கிறது. சுத்தம் செய்த காசைப் பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், ரப்பர் பேண்டும் சுற்றாதீர்கள், ரப்பரில் கந்தகம் உண்டு.

புதையல் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடைத்தால் பிரிக்கவே கூடாது. பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் உள்ள ஜெர்சி தீவில் 2012-இல், கெல்ட்டியர் என்ற பழைய ஐரோப்பிய மக்களின் வெள்ளியும் செம்பும் கலந்த காசுகள் ஏறக்குறைய 70,000 ஒரே கட்டியாக ஒட்டிக் கிடைத்தன. ஒவ்வொரு காசும் எந்த இடத்தில் இருந்தது என்று லேசர் கருவியால் பதிந்துவிட்டுத்தான் எடுத்தார்கள், பிரிக்கவே சில வருடங்கள் ஆயின, உள்ளேயிருந்து தங்க அணிகலன்களும் வந்தன. நம் நாட்டில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் என்றாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படித் தெரிவிக்கும்போது மண்ணைத் தட்டாமல், தண்ணீர் ஊற்றாமல், உடைந்த பானைத் துண்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.