அந்த வாசலில் நின்றவர் நாமகிரி

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம்.

டெல்லியில் இன்று ராஷ்டிரபதி பவன் என்கிறோமே, அந்த மாளிகைக்குப் பெருமை பதவியில் அமர்ந்தவராலா, வீட்டை நடத்தியவராலா? நான் வீட்டை நடத்தியவர் பக்கம். எதிரணி நண்பர் கேட்டுவிட்டுப் போனார்: "வந்தவருக்குக் காபி கொடுத்ததெல்லாம் ஒரு சாதனையா?" நீங்களும் கைதட்டினீர்கள்.

1948 ஜூன் 21. டெல்லியில் மவுண்ட்பேட்டன் பதவியிலிருந்து இறங்குகிறார், ராஜாஜி நாட்டின் உச்சப் பதவியான கவர்னர் ஜெனரல் ஆகிறார். அந்தப் பதவியில் அமர்ந்த ஒரே இந்தியர். மாளிகையில் 340 அறை! வைஸ்ராயின் பெரிய படுக்கையறை வேண்டாம் என்று சில சின்ன அறைகளுக்கு மாறிக்கொண்டார். ஐயா, இன்னொரு தடவை சொல்கிறேன், முந்நூற்று நாற்பது! அத்தனை இருந்தும் மனிதருக்குச் சில அறை போதும். சரி, ராஜாஜி அறையைக் குறைத்துக்கொள்ளலாம். வருகிற விருந்தாளியைக் குறைக்க முடியுமா? இன்று ஒரு தூதர், நாளை ஒரு மந்திரி. முன்னால் நின்று வரவேற்க மனைவி இல்லை. ராஜாஜிக்கு 40 வயது ஆகுமுன்பே அந்த அம்மா காலமாகிவிட்டார்.

நின்றவர் மகள் நாமகிரி. அதுவரை அங்கே நின்றவர் மவுண்ட்பேட்டனின் மனைவி எட்வினா, லண்டன் கோடீஸ்வரர் காசலின் பேத்தி. இவரோ சேலத்து வக்கீல் வீட்டுப் பெண். இளவயதிலேயே கணவரை இழந்தவர்.

நண்பரே, காபி என்றீர்களே, அந்தக் காலத்து ஐயங்கார் வீட்டில் கணவனை இழந்த பெண் எங்கே நிற்பாள் தெரியுமா? சுப காரியம் என்றால் கண்ணிலேயே படக்கூடாது. அப்படி ஒதுக்கப்பட்ட ஒரு பெண், நாட்டின் முதல் வீட்டு வாசலில் நின்று 'வாருங்கள்' என்கிறார்! ஒருநாள் இருநாள் இல்லை, 1950 ஜனவரி 26 வரை, 19 மாதம்! இதையா காபி என்றீர்கள்?

என் அத்தையும் அப்படித்தான். மாமா போன பிறகு எங்களை வளர்த்தது அவள். என் கல்யாணத்துக்கு விடிய விடிய லட்டு பிடித்தாள். தாலி கட்டும் நேரம் தேடுகிறேன், ஆளைக் காணோம். சமையல்கட்டுக் கதவு இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. கையில் நெய் காயவில்லை. "அத்தே, வா" என்றேன். "நீ முடிடா, நான் இங்கிருந்தே பார்க்கிறேன்" என்றாள்.

நடுவர் அவர்களே, அவளை அன்று கையைப் பிடித்து இழுத்துவர எனக்குத் துணிவில்லை.