காகத்தை வரைவது

நேயர்களுக்கு வணக்கம். கரித்துண்டால் இயற்கையை வரைவதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மரம், மலை, கடல் என்று எங்கிருந்தும் தொடங்கலாம். நான் காகத்திலிருந்து தொடங்குகிறேன்.

கொழும்பில் காகத்தைத் தேடிப் போகத் தேவையில்லை. வெள்ளவத்தையில் எங்கள் பல்கனிக் கம்பிக்குக் காலை ஆறரைக்கே ஒன்று வந்துவிடும். காகம் வரையுங்கள் என்றால் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம். பறவையும் கறுப்பு, கரியும் கறுப்பு, வேலை சுலபம் என்று நினைப்பார்கள். சுற்றிவரக் கோட்டைப் போட்டு உள்ளே அழுத்தி அப்பிவிடுவார்கள். கடைசியில் பார்த்தால், தாளில் காகத்தின் அளவுக்கு ஓட்டை விழுந்தது போல இருக்கும்.

சரி, காகத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நம் ஊர்க்காகத்துக்குக் கழுத்தும் நெஞ்சும் சாம்பல் நிறம். முதுகில் வெயில் படும் இடம் கிட்டத்தட்ட வெள்ளையாகப் பளபளக்கும். அலகின் மேல்விளிம்பில் நூல் போல ஒரு வெளிச்சம் ஓடும். மெய்யான கறுப்பு இறக்கைக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில், கொஞ்சம்தான். கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் இறகும் நகமும் மறைந்து, இந்த நாலைந்து திட்டுகள் மட்டும் மிஞ்சும். அவற்றை வரைந்தால் போதும், காகம் தானாக வந்து உட்காரும்.

நான் செய்யும் முறை இது. சொரசொரப்பான தாள் முழுவதும் மென்மையான கரியைப் படுக்கவைத்துத் தேய்ப்பேன். பழைய பருத்தித் துணியால் துடைத்தால் தாள் சாம்பலாகிவிடும். விரலால் தேய்க்காதீர்கள், கொழும்புப் புழுக்கத்தில் விரல் வியர்வை பட்ட இடம் திட்டாக நின்றுவிடும். அப்புறம் வெளிச்சம் இருக்கும் இடங்களை அழித்து எடுக்க வேண்டும். அழிறப்பர் வருவதற்கு முன்பு ஐரோப்பிய ஓவியர்கள் இதற்குப் பாணைத்தான் பயன்படுத்தினார்கள். நானும் அப்படித்தான். புதுப்பாணின் நடுவை உருட்டி, நுனியைக் கூராக்கி, முதுகின் அந்தப் பளபளப்பில் ஒருமுறை ஒற்றி எடுப்பேன். கடைசியாகத்தான் கறுப்பு. அதற்குப் பிசின் சேர்த்து அழுத்திச் செய்த கரி வேண்டும். அது இலேசில் அழியாது, யோசித்துத்தான் வைக்க வேண்டும்.

மென்மையான கரியை வீட்டிலேயே செய்யலாம். வெளிநாட்டில் வில்லோ மரக் குச்சியிலும் திராட்சைக் கொடியிலும் செய்கிறார்கள். நான் செவ்வரத்தைக் குச்சிகளைப் பட்டை உரித்துக் காயவைத்து, பால்மாப் பேணியில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, திறந்தவெளியில் விறகு நெருப்பில் வைப்பேன். காற்று உள்ளே போகாததால் குச்சி எரியாமல் கரியாகும். துளையில் புகை நின்றதும் எடுத்துவிடலாம். ஆனால் பேணி நன்றாக ஆறும்வரை திறக்கக் கூடாது. முதல் தடவை அவசரப்பட்டுத் திறந்தேன். காற்றுப் பட்டதும் குச்சிகள் தணலாகி, கண்ணெதிரே சாம்பலாய்ப் போயின.

பிரான்சில் ஷோவே என்ற குகையின் சுவரில் குதிரைகளையும் சிங்கங்களையும் கரியால் வரைந்து வைத்திருக்கிறார்கள். 30,000 ஆண்டுகளுக்கும் முந்தியவை. அந்தக் குதிரைகளின் முகத்தில் கரியைத் தேய்த்துப் பரப்பி நிழல் காட்டியிருப்பதைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். நாம் துணியால் செய்வதும் அதே வேலைதானே.

மரம் வரைய ஆசைப்படுகிறவர்கள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போங்கள். வெயில் சாயும்போதுதான் வேர்களுக்கு இடையில் இருட்டு விழும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஆனால் முதலில் காகம். சனிக்கிழமை விரதச் சோறு வைப்பவர்கள், இந்த முறை தாளையும் கரியையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோற்றைக் கொத்துமுன் அது தலையைச் சாய்த்து உங்களை ஒருமுறை பார்க்கும். அந்த நேரம் போதும்.