‘வேண்டாம் நர்சம்மா’

நேயர்களுக்கு வணக்கம். முக்கூடல், பாப்பாக்குடி பக்கத்துக் கிராமங்களில் முப்பது வருஷத்துக்கும் மேல் சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். மாலா-என் (Mala-N) என்ற கருத்தடை மாத்திரைப் பட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவேன். திண்ணையில் பீடித்தட்டை மடியில் வைத்திருக்கும் பெண், சுற்றுகிற கையை நிறுத்தாமலே, “வேண்டாம் நர்சம்மா” என்பாள். பயந்துகொண்டு சொல்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன். ஏன் வேண்டாம் என்று கேட்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அது என் தப்பு.

கேட்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒருத்தி சொன்னாள்: “அவிய பம்பாயில இருக்காவ. கோயில் கொடைக்கு வந்தா ஒரு மாசம் இருப்பாவ. அதுக்கு நான் வருசம் பூரா மாத்திரை திங்கணுமா?” இதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு பட்டையில் 28 மாத்திரை. 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. ஒரு நாள் விடாமல் போட வேண்டும். அவளுக்கு அந்த ஒரு மாசத்துக்கு ஆணுறை போதும். கணக்கு அவள் பக்கம்தான் சரி.

அப்புறம் ஊசி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா கருத்தடை ஊசி 2017ல் அரசுத் திட்டத்தில் வந்தது. மாமியார் கண்ணில் மாத்திரைப் பட்டை படும் என்ற பயம் இல்லாததால் சிலருக்கு அது பிடித்தது. ஆனால் முதல் சில மாதங்களில் உதிரப்போக்கு நாள் கணக்கில்லாமல் வரலாம். பலருக்குச் சொட்டுச் சொட்டாக நீளும். அப்படி ஒரு பெண்ணுக்கு அம்மன் கொடை அன்று காலையில் வந்துவிட்டது. விரதம் இருந்து முளைப்பாரி வளர்த்தவள், மேளச் சத்தத்தை வீட்டுக்குள் இருந்தே கேட்டாள். தீட்டு என்று ஒதுங்க வேண்டுமா என்பது தனிப் பேச்சு. அன்று அவள் அழுததை நான் பார்த்தேன். இப்படி ஆகலாம் என்று ஊசி போடும் முன்பே நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த ஊசிக்கு அவள் வரவில்லை.

ஊசி போட்டால் கருப்பை கெட்டுவிடும் என்ற பேச்சு மட்டும் பொய். நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் தாமதமாகும், அவ்வளவுதான். அடுத்த வருஷமே பிள்ளை வேண்டும் என்பவள் அதற்காக ஊசியை மறுத்தால் நியாயம்.

உடம்பே வேண்டாம் என்று சொல்வதும் உண்டு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கண்முன் மின்னல் மாதிரி ஓடிய பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள், காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்தவர்கள், ஆறு மாதத்துக்குள் கைப்பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் மாலா-என் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். மாத்திரை தொடங்கியதிலிருந்து மனசு சரியில்லை என்று ஒரு பெண் சொன்னால், தயவுசெய்து அதைச் சாக்கு என்று தள்ளாதீர்கள். உவரிப் பக்கம் கத்தோலிக்கத் திருச்சபைப் போதனைக்காக மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அது அவர்கள் மனச்சாட்சி.

என் வருத்தம் எல்லாம், ‘வேண்டாம்’ என்றவளை வெறுங்கையோடு விட்டதுதான். மாத்திரையைத்தான் அவள் மறுத்தாள். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. ஹார்மோன் இல்லாத வழிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உண்டு. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி 380ஏ பத்து வருஷம் தாங்கும். மாதவிலக்கில் போக்கு கூடலாம் என்பதால் ரத்தசோகை உள்ளவர்கள் முதலில் டாக்டரிடம் பேசட்டும். லக்னோ ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டுபிடித்த சாயா மாத்திரை இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. சிலருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும்.

பிள்ளை போதும் என்றால் ஆண்களுக்குத் தழும்பு தெரியாத சின்ன கருத்தடை சிகிச்சை இருக்கிறது. நம் ஊரில் அதற்கு ஆண்கள் முன்வருவதே இல்லை. பாதிக்கும் மேற்பட்ட மணமான பெண்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்ட மாநிலம் இது. ஐயாமார்களே, உங்களிடமும்தான் கேட்கிறேன்.

அந்த முளைப்பாரிக்காரப் பெண் பிறகு சாயாவுக்கு மாறினாள். முதல் மூன்று மாதம் ஞாயிறும் புதனும் போட வேண்டும். மறக்காமல் இருக்க, பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புத்தகத்தின் ஓரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வைப்பாள். நான் போகும்போதெல்லாம் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவாள்.