அக்கரை என்று சொன்னவர் எங்கே நின்றார்?

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னைக் கடற்கரை நிலையத்தில் ஏறி வேளச்சேரிக்குப் பறக்கும் ரயிலில் போகிறவர்கள் நிலையப் பெயர்களைக் காதில் வாங்கிக்கொண்டேதான் போகிறார்கள். நின்று கவனிக்கிறவர்கள் குறைவு. அடுத்த முறை கேட்டுப் பாருங்கள். மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர், இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி, பெருங்குடி, வேளச்சேரி. ஆயிரம் ஆண்டுப் பெயரும் அரை நூற்றாண்டுப் பெயரும் பக்கத்துப் பக்கத்து நிலையங்களாக உட்கார்ந்திருக்கின்றன. தலைவர்களின் பெயரைத் தாங்கிய நகர்களைப் பற்றி விளக்க வேண்டியது எதுவும் இல்லை. மற்ற பெயர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் பள்ளியில் புவியியல் கற்பித்தவன். ஊர்ப்பெயர் பொறுக்குவது அப்போதே ஒட்டிக்கொண்ட பழக்கம். ஓய்வு பெற்ற பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது என்று வீட்டில் குறைப்படுகிறார்கள். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது அடையாற்றின் முகத்துவாரத்திலிருந்து தெற்கே முட்டுக்காடு வரையுள்ள கரை. மாநகராட்சிக் கணக்கில் இதன் பெரும்பகுதி 13, 14, 15 என்று மூன்று மண்டலங்கள், வெறும் எண்கள். 2011-இல் மாநகராட்சியின் பரப்பு 176 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி எல்லாம் உள்ளே வந்தன. அதுவரை அவை தனித்தனி ஊராட்சிகள். முட்டுக்காடு இன்றும் எல்லைக்கு வெளியேதான்.

வானொலியில் படம் வரைந்து காட்ட முடியாது. ஆகவே மனத்தால் என்னோடு நடந்து வாருங்கள். பாலவாக்கம் கடற்கரையில் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இப்போது மேற்கே நடக்கிறோம். முதலில் மணல் மேடு. அதன்மேல் கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலையைத் தாண்டினால் நிலம் இறங்குகிறது; அங்கே பக்கிங்ஹாம் கால்வாய். மறுபடியும் சற்று மேடு. பழைய மாமல்லபுரம் சாலை. மறுபடியும் பள்ளம், பள்ளிக்கரணைச் சதுப்பு. அதையும் கடந்த பிறகுதான் கெட்டித் தரை, அப்புறம் பரங்கிமலைப் பாறை. வயலில் வரப்பும் வாய்க்காலும் மாறி மாறி வருவதுபோல, இங்கே மேடும் பள்ளமும் கடலுக்கு இணையாக வடக்கு தெற்காக ஓடுகின்றன. மேடுகளெல்லாம் பழைய கடற்கரைகள். கடல் விலக விலக, அலை குவித்த மணல் அங்கங்கே கரையாக நின்றுவிட்டது. ஆட்கள் மேட்டில் குடியேறினார்கள்; பள்ளத்தைத் தண்ணீருக்கு விட்டார்கள்.

மேடு, பள்ளம், மேடு, பள்ளம். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும், வகுப்பறைப் பழக்கம்.

இந்தக் கரையில் அதிகம் காதில் விழும் சொல் 'பாக்கம்'. கொட்டிவாக்கத்திலும் பாலவாக்கத்திலும் அது வாக்கமாகக் குழைந்திருக்கிறது. ஈஞ்சம்பாக்கம், துரைப்பாக்கம், காரப்பாக்கம் ஆகியவற்றில் அப்படியே நிற்கிறது. நெய்தல் நிலத்து ஊருக்குப் பாக்கம் என்று பெயர் என்று பழைய சொற்பொருள் நூலான நிகண்டு சொல்லும். சிலப்பதிகாரம் பாடும் பூம்புகாரிலே கடலோரப் பகுதி மருவூர்ப்பாக்கம். அரசன் வாழ்ந்த உட்பகுதி பட்டினப்பாக்கம். சென்னையிலும் ஒரு பட்டினப்பாக்கம் இருக்கிறது. அது அலை வந்து வீட்டுச் சுவரை இடிக்கும் தூரத்தில் இருக்கிறது! பெயரிட்டவர்களுக்குக் காவியம் நினைவில் இருந்தது, அதன் திசைகள் நினைவில் இல்லை. ஆனால் நிகண்டை மட்டும் நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. கடலே கண்ணில் படாத அச்சிறுபாக்கமும் பாக்கம்தான். தொண்டை மண்டலத்தில் அந்தச் சொல் ஊர் என்பதற்கே பொதுப்பெயராகிவிட்டது.

ஆகவே, பின்னொட்டைவிட முன்னால் நிற்பதைப் பார்க்கச் சொல்வேன். ஈஞ்சு என்பது ஈச்சமரம். ஈஞ்சம்பாக்கத்துக்குத் தெற்கே பனையூர். உள்ளே தள்ளி, நாவலூருக்கு மேற்கே தாழம்பூர். ஈச்சை, பனை, தாழை. மூன்றும் மணலையும் உப்புக் காற்றையும் தாங்கி நிற்பவை. கொட்டிவாக்கம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு, 'கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் போலவே' என்று ஔவையார் பாடிய அந்தக் குளத்துக் கொட்டிச் செடிதான் கண்முன் வருகிறது. நிரூபிக்கச் சொல்லாதீர்கள், என் ஊகம்தான். மேட்டுக்கு ஒட்டியே பள்ளமும் தண்ணீரும் இருந்த நிலத்தில் அந்த ஊகம் அவ்வளவு மோசமானதில்லை.

வெட்டுவாங்கேணி என்ற பஸ் நிறுத்தம் உங்களுக்குத் தெரியும். கேணி என்றால் கிணறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புக் கால்வாய். நடுவில் கேணியா என்று தோன்றலாம். இங்கேதான் மணல் மேட்டின் அருமை இருக்கிறது. மேட்டில் விழும் மழை மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. அடியில் கடல்நீர் இருக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைந்தது. ஆகவே அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊற்றுத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வரும். ஆழமாகத் தோண்டினால் உப்பு வரும். கேணி வெட்டியவர்களுக்கு இந்த அளவு தெரிந்திருந்தது. ஆழ்குழாய்க் கிணறும் மோட்டாரும் வந்தபின், உறிஞ்ச உறிஞ்ச, கீழே இருந்த கடல் மேலே ஏறிவிட்டது. கடற்கரைச் சாலையில் தண்ணீர் லாரிகள் வரிசைகட்டி ஓடுவதை எல்லோரும்தான் பார்க்கிறோம்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு பெயர். சோழிங்கநல்லூரிலிருந்து கடற்கரைச் சாலைக்கு வருகிற இணைப்புச் சாலை முடியும் இடம் எது? அக்கரை. பேருந்தில் நடத்துனர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவார். அக்கரை என்பது ஓர் ஊரின் பெயராக இருக்கவே முடியாது. அங்கே வாழ்பவனுக்கு அது இக்கரை அல்லவா? தன் ஊரைத் தானே யாராவது அந்தப் பக்கம் என்று அழைப்பார்களா? பெயரிட்டவர் தண்ணீருக்கு மேற்கே, சோழிங்கநல்லூர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு கிழக்கே கை நீட்டியிருக்கிறார். நடுவில் கடக்க வேண்டிய நீர் இருந்திருக்கிறது. நிலவரிக் கணக்கும் பெரிய குடியிருப்பும் மேற்கே இருந்தால், கடலோரம் அவர்களுக்கு அக்கரைதானே! எனக்குத் தெரிந்தவரை இந்தக் கரையில், பெயரைக் கேட்டதும் பெயரிட்டவர் நின்ற இடமும் தெரிந்துவிடுகிற ஊர் இது ஒன்றுதான். இன்று கடலோர வீட்டுமனைக்குத்தான் விலை அதிகம். அக்கரை இக்கரையாகிப் பல காலம் ஆகிறது.

கடக்க வேண்டிய நீர் என்றேனே, அது இன்று பக்கிங்ஹாம் கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோக்ரேன் என்பவர் சென்னைக்கு வடக்கே தொடங்கிவைத்தது, துண்டு துண்டாக நீண்டது. 1876 முதல் 78 வரை தாது வருடப் பஞ்சம். பசித்த மக்களுக்குக் கூலி கொடுக்க, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் கோமகனின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்கள் பஞ்சத்தில் அடிபட்டவர்கள், பெயர் கோமகனுக்கு. ஆனால் தெற்கே அந்தக் கால்வாய் புதிதாகப் பள்ளம் தேடவில்லை. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஏற்கெனவே கிடந்த கழியை, அதாவது கடல்நீர் புகுந்து தேங்கும் உப்பங்கழியைத்தான் பிடித்துக்கொண்டது. திருஞானசம்பந்தர் திருவான்மியூரைப் பாடும்போது கரையில் சங்கும் இப்பியும் (சிப்பியும்) கிடப்பதையும், கழியில் மீன் துள்ளுவதையும் சொல்கிறார். வான்மீகியார் வழிபட்டதால் வான்மியூர் என்று தலபுராணம் சொல்லும். அதைக் கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். புவியியல்காரனுக்குச் சம்பந்தரின் அந்தக் கழி போதும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழி, நடுவே மணல் மேட்டில் ஊர்.

அடையாற்றுக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், நிலையத்தார் மன்னிக்க வேண்டும்.

அடையாறு என்றால் என்ன? கடலை அடைகிற ஆறு என்று எனக்குப் பலபேர் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். கடலை அடைகிற எல்லா ஆற்றுக்கும் அந்தப் பெயர் வைத்தால் தமிழ்நாட்டில் வேறு பெயரே தேவைப்பட்டிருக்காது! அடைதல் என்பதற்கு மூடிக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. தொண்டை அடைக்கிறது, காது அடைக்கிறது என்கிறோம். அடைகிற ஆறு, மூடிக்கொள்கிற ஆறு. இதுதான் என் கட்சி. சாட்சி வேண்டுமா? கோடையில் பெசன்ட் நகர் ஊரூர்க் குப்பத்து வழியாக, உடைந்த பாலம் தெரியும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். முகத்துவாரத்தின் குறுக்கே மணல் திட்டு வளர்ந்திருக்கும். சில ஆண்டுகளில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே போய்விடலாம்.

ஏன் அடைகிறது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலை கரையில் நேராக மோதுவதில்லை. தெற்கிலிருந்து சாய்ந்து மோதுகிறது. ஒவ்வொரு அலையும் மணலைச் சாய்வாக ஏற்றி, நேராக இறக்கி, இப்படிப் படிப்படியாக வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் திசை திரும்பும். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போன மணல்தான் அதிகம். 1870களில் துறைமுகத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும் இதே மணல்தான் அங்கே தடுக்கப்பட்டது. மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் புகுந்ததும் அதனால்தான். முகத்துவாரத்தில் என்ன நடக்கிறது? மணல் வந்து வாசலில் குவிகிறது. ஆற்றில் வெள்ளம் இருந்தால் தள்ளிவிடும். கோடையில் ஆற்றில் ஏது வெள்ளம்? ஆகவே வாசல் அடைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை வந்து வெள்ளம் இறங்கினால் உடைத்துக்கொண்டு திறக்கிறது. இப்போதெல்லாம் மழைக்கு முன்பே இயந்திரம் வைத்து வெட்டிவிடுகிறார்கள்.

வெள்ளம் வரும் வேகமும் வாசல் திறக்கும் வேகமும் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் முதல் வாரத்தில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மாடிவரை ஏறிய தண்ணீரைப் பார்த்தவர்கள் அறிவார்கள். மணல் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆற்றங்கரையில் கட்டியவர்களுக்கும் ஏரிகளைத் திறந்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. அடைக்கிற ஆறு என்ற எச்சரிக்கை பெயரிலேயே இருந்தது என்பது மட்டும் என் பேச்சு.

வேளச்சேரியும் அப்படித்தான். வேதங்கள் வழிபட்ட வேதச்சேரி மருவி வேளச்சேரி ஆயிற்று என்பது தலபுராணம். ஆனால் அந்த ஊர்த் தண்டீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் ஊரை வெளிச்சேரி என்றுதான் குறிக்கின்றன. ஜினசிந்தாமணிச் சதுர்வேதிமங்கலம் என்று இன்னொரு பெயரும் உண்டு. அது கல்லோடு நின்றுவிட்டது, வெளிச்சேரி வாயில் நிலைத்தது. வெளி என்றால் திறந்த நிலம். மந்தைவெளியில் அதே சொல். பள்ளிக்கரணைச் சதுப்புக்கு ஊரார் வழங்கிய பெயர் கழுவெளி. கழுவெளியின் விளிம்பில் இருந்த சேரி வெளிச்சேரி என்று நான் படிக்கிறேன். கல்வெட்டாளர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்ளத் தயார்.

இந்தக் கழுவெளித் தண்ணீருக்கு ஒரு துன்பம் உண்டு. வேளச்சேரியிலிருந்து கடல் ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஆனால் நேராகப் போக முடியாது. மேடு, பள்ளம், மேடு என்று சொன்னேனே, மேடுகள் மறிக்கின்றன. சதுப்பில் தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்கு அடியில் நுழைந்து, கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காடு வரை போய்த்தான் கடலில் விழும். மடுவு என்றாலே ஆழமான நீர்நிலை. அந்த ஒரு வாசலைச் சுற்றித்தான் கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்தன. சதுப்பின் ஒரு பக்கத்தில் குப்பைக் கிடங்கு. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புகளுக்கான ராம்சர் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்ந்தது நல்ல செய்தி. அதற்குள் பழைய பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். குப்பங்களைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று குறித்துவைத்திருந்தேன்; சுருக்கிவிடுகிறேன். ஊரூர்க் குப்பத்துக்குப் பக்கத்தில் ஆல்காட் குப்பம். பிரம்ம ஞான சபையின் முதல் தலைவர் ஆல்காட்டின் பெயர் அது. சபை 1882-இல் அடையாற்றுக்கு வந்தது; பெசன்ட் நகர் என்பதும் அதே சபையின் அன்னி பெசன்ட் அம்மையாரால் வந்த பெயர். இவை கரையில் உள்ள பெயர்கள். மீனவர்களிடம் தண்ணீருக்கும் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது வன்னி. அலையும் மணலும் திசை மாறுவதைப் பற்றி நான் இவ்வளவு நேரம் விளக்கியதை அவர்கள் இரண்டு சொல்லில் வைத்திருக்கிறார்கள். எந்த மாதம் எது ஓடும், எதில் எந்த வலை போடுவது என்பதை ஊரூர்க் குப்பத்துப் பெரியவர்கள் யாரையாவது இந்த ஒலிவாங்கிக்கு முன் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று நிலையத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.